திறமைப் புலமைப்பரிசிலுடன் வரும் மாணவர்களைக் கல்வியியல் துறையில் வரவேற்பது எப்படி

திறமைப் புலமைப்பரிசில் பெற்றுக் கல்வியியல் துறைக்கு வரும் புதுமுக மாணவர்களின் வரவேற்பை ஒழுங்குசெய்யும் பொறுப்பு, பெரும்பாலும் துறையில் அண்மையில் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவரின் தலையிலேயே விழுகிறது. அவருக்குக் கடந்த ஆண்டின் கோவையும், ஒரு மண்டபமும், தேநீர்ச் செலவுக்குப் போதாத ஒரு தொகையும் கிடைக்கும். எப்படிச் செய்வது என்று சொல்லித்தர மட்டும் ஆள் இருக்காது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் இத்தகைய நிகழ்வுகளில் கதிரை அடுக்குவது முதல் நன்றியுரை வரை செய்து பார்த்தவன் என்ற அளவில், அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் புலமைப்பரிசில் எத்தகையது என்பதை ஒழுங்குசெய்பவர் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பல்கலைக்கழக மாணவர் பலரும் நம்பியிருக்கும் மகாபொல நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மகாபொலவில் திறமை, சாதாரணம் என இரு வகைகள் உள்ளன. பல ஆண்டுகளாகத் திறமைப் பிரிவினருக்கு மாதம் 5,050 ரூபாயும் சாதாரணப் பிரிவினருக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாய் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அந்த ஐம்பது ரூபாய் இடைவெளியைக் கவனியுங்கள். திறமை என்ற சொல்லுக்கு அரசு கொடுத்த பண மதிப்பு அவ்வளவே. மீதி முழுவதும் கௌரவம். ஆகவே அந்தப் பிள்ளையைப் பணம் படைத்தவராகவோ, பக்கத்தில் அமர்ந்திருக்கும் சாதாரணப் பிரிவு மாணவரிலிருந்து வேறானவராகவோ காட்டும் எந்த ஏற்பாடும் வேண்டாம். முன்வரிசையில் தனி ஆசனம், தனி மாலை, மேடையில் தனிப் புகைப்படம் ஆகியவற்றை நிகழ்ச்சி நிரலிலிருந்து முதல் நாளே வெட்டிவிடுங்கள்.

இதை நான் பட்டே அறிந்தேன். நான் உதவியாளனாக இருந்த ஒரு வரவேற்பில், பெருமையாக இருக்கும் என்று எண்ணி, ஒவ்வொருவரின் பெயரோடும் பல்கலைக்கழக அனுமதிக்கான அவருடைய இசட் புள்ளியையும் ஒலிவாங்கியில் வாசித்தோம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுள் ஒரு மாணவிக்கு அந்த எண்ணே பட்டப்பெயராகிவிட்டது. தவணை முடியும்வரை விரிவுரை மண்டபத்தில் அவர் வாய் திறக்கவில்லை. புள்ளியை வாசிக்காதீர்கள். பெயரைச் சரியாக உச்சரியுங்கள், ஊரின் பெயரைச் சொல்லுங்கள், அது போதும்.

நிகழ்வுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். வட்ஸ்அப் செய்தி இதற்கு ஈடாகாது, ஏனெனில் இக்கடிதத்தை வாசிக்கப்போவது பெரும்பாலும் தாயும் தகப்பனும்தான். எந்தப் பேருந்தில் ஏறி எந்தச் சந்தியில் இறங்குவது, என்னென்ன ஆவணங்களின் மூலப்பிரதிகள் தேவை, யாருடைய தொலைபேசிக்கு அழைப்பது, பெற்றோர் வரலாமா என்பவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். தெற்கிலிருந்து வரும் மாணவர்களுக்குச் சிங்களப் பிரதியும் இணைத்து அனுப்புங்கள். நேரத்தைத் தீர்மானிக்கும்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வருபவர் மண்டூர்த் துறையில் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்து, அதன் பின்னரே பேருந்து பிடிக்க வேண்டியிருக்கலாம். பொத்துவிலிலிருந்து வருபவர் கிழக்குக் கரையோரமாக நெடுந்தூரம் கடந்து வர வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் நிகழ்வு அவர்களை முதல் நாளே தாமதமாக வந்தவர்களாக்கிவிடும். பத்து மணி பொருத்தம். மார்கழி மழைக் காலமாயின், வெள்ளத்தால் வர முடியாமற்போனோருக்கு இன்னொரு நாளையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

வாயிலில் யார் நிற்கிறார்கள் என்பது மேடையில் யார் பேசுகிறார்கள் என்பதைவிட முக்கியமானது. புதுமுக மாணவர்களின் நெஞ்சில் அன்று இருக்கும் பெரிய அச்சம், மூத்த மாணவர் செய்யும் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருப்பினும், அச்சம் சட்டத்தை வாசித்துத் தீர்வதில்லை. துறையின் விரிவுரையாளர் ஒருவரும், துறைத்தலைவர் நேரில் அழைத்துப் பேசித் தெரிவுசெய்த இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வரும் வாயிலில் நிற்கட்டும். அவர்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி “எந்தப் பாடசாலை?” என்பதன்று, “சாப்பிட்டிங்களா மகள்? வாங்க, இதில இரிங்க” என்பதே. அதைக் கேட்ட பின்னர்தான் கூட வந்த தாயின் முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன். மாணவ ஆலோசகரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அச்சிட்ட சிறு அட்டையை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

மேடை நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உரை இரண்டு போதும். நிறைகுடமும் குத்துவிளக்கும் வையுங்கள், ஆனால் விளக்கேற்ற விரும்புவோரை முன்னரே கேட்டுப் பட்டியலிடுங்கள். திடீரென்று ஒரு பிள்ளையின் பெயரை அழைத்து அவரைச் சங்கடத்தில் நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆவுக்குப் போக நேரம் விட்டு முடியுங்கள். உணவு ஹலாலாகவும், சைவம் தனிப் பாத்திரத்திலும் இருக்கட்டும்.

மேடையிலிருந்து இறங்கிய பின்னர் தொடங்கும் ஒரு மணி நேரத்துக்கே உங்கள் உழைப்பின் பெரும்பகுதி தேவை. பெற்றோரையும் மாணவரையும் சிறு குழுக்களாக அமர்த்தி, பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். புலமைப்பரிசில் கிடைத்தது என்ற செய்திக்கும் முதல் தவணை வங்கிக் கணக்கில் விழுவதற்கும் இடையில் மாதங்கள் கழியலாம். இதனை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த இடைக்காலத்தில் விடுதிக் கட்டணம், சாப்பாடு, போக்குவரத்து, நிழற்பிரதி ஆகியவற்றுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று, கடந்த ஆண்டு மாணவர் ஒருவரின் உண்மையான கணக்குப் புத்தகத்தை வைத்துக் காட்டுங்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இங்கே உண்டு. கணக்குத் தெரிந்தால் எவ்வளவுக்கு வைப்பது என்றாவது தெரியும். கிராம உத்தியோகத்தரின் சான்றும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் தேவைப்படும் படிவங்களை வெற்றுப் பிரதியாகவே கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் அதற்கென மறுபடி வர வேண்டியிராது. மாணவர் நலச்சேவைப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவரை அந்த ஒரு மணி நேரத்துக்கேனும் அழைத்து வாருங்கள். பிள்ளைகள் பெற்றோர் முன் கேட்கத் தயங்கும் கேள்விகளும் இருக்கும் என்பதால், இறுதிக் கால் மணியை மாணவருக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கல்வியியல் துறை என்பதால் வேறு துறைகளுக்கு வாய்க்காத ஒன்றை நாம் செய்யலாம். முதல் வாரத்தில் ஒரு நாள் அவர்களை மட்டக்களப்பு நகருக்கு அழைத்துச் செல்லுங்கள். 1814இல் இங்கு வந்திறங்கி, ஓராண்டு நிறையுமுன்னரே இம்மண்ணில் உயிர்நீத்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டின் சிலை நகரில் நிற்கிறது. அவர் தொடக்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் இயங்குகிறது. பாலத்தைக் கடந்தால் கல்லடி உப்போடையில், சுவாமி விபுலாநந்தர் 1929இல் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயமும் அவருடைய சமாதியும் உள்ளன. காரைதீவில் 1892இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அவர். திறமைப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைக்கு அவ்விடத்தில் எந்தச் சொற்பொழிவும் வேண்டாம். திரும்பும் வழியில், தமக்குக் கற்பித்த ஒரு வகுப்பறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேளுங்கள்: எத்தனை பேர் இருந்தார்கள், யார் பேசவேயில்லை, ஆசிரியர் எங்கே நின்றார். முழுத் துறைக்கும் இதையே கொடுங்கள். இரண்டு ஆண்டுகளின் பின் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

கடைசியாக, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விரிவுரையாளரைப் பொறுப்பாக்கி, ஆறாம் வாரத்தில் நேரில் சந்திக்கும் நாளை அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். அச்சந்திப்பில் மூன்று கேள்விகள் போதும்: பணம் வந்ததா, விடுதியில் உறக்கம் வருகிறதா, விரிவுரைகளுக்கான வரவு குறைந்திருக்கிறதா. பதில்களைக் கோவையில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை ஏற்பவர் முதலில் திறக்கப்போவது அந்தக் கோவையைத்தான்.