தீபாவளி சீசனில் ஜவுளிக்கடை வேலை: முதல்முறை போகிறவர்களுக்கு

தர்மபுரியில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவது புதுசில்லை. ஆனால் சீசன் நேரத்தில் யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள், அவர்களுக்கே தண்ணி குடிக்க நேரமிருக்காது. அதனால் வீட்டிலேயே இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. எப்போது கேட்பது

ஆயுதபூஜை முடிந்த கையோடு கேளுங்கள். ஆறுமுக ஆச்சாரி தெரு, சின்னசாமி நாயுடு தெரு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று நேரில் ஏறி இறங்கினால் போதும், ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஒன்றாம் தேதி சம்பளம் வந்த பிறகுதான் பலர் துணி எடுக்கவே கிளம்புவார்கள், பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவதும் கடைசி இரண்டு மூன்று நாளில்தான், ஆக மொத்தக் கூட்டமும் அந்த ஒரு வாரத்தில் வந்து குவியும். செமஸ்டர் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

2. சம்பளத்தை முதலிலேயே பேசுங்கள்

"பாத்துப் போட்டுத் தரேன் தம்பி" என்றால் அது பதில் இல்லை. நாள் கூலி எவ்வளவு, சாப்பாடு கடையிலா நம்ம செலவா, ராத்திரி நேரமானால் பேட்டா உண்டா, பணம் எந்தத் தேதியில், இவ்வளவையும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. சீசனில் இதை எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் தெரிந்துகொண்டு பேசுகிறவனிடம் பேச்சு கொஞ்சம் மாறும். வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் போனில் எழுதி வையுங்கள்.

3. எது எங்கே இருக்கிறது

முதல் நாள் காலையில் கூட்டம் வருவதற்குள் உங்கள் செக்‌ஷனில் எந்தத் தட்டில் எந்த சைஸ் என்று இரண்டு முறை பார்த்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வேலையில் பாதி இதுதான். "அண்ணா, நாப்பது எங்கண்ணா?" என்று சீனியரிடம் ஓடிக்கொண்டே இருந்தால் அவரும் கடுப்பாவார், வந்த ஆளும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

4. மடிப்பு

சேலையை முழுசாக உதறிப் போடாதீர்கள். முந்தியையும் உடலில் ஒரு மடிப்பையும் காட்டினால் போதும், கேட்டால் மட்டும் விரியுங்கள். திரும்ப மடிக்கும்போது கரையோடு கரை சேர்த்துப் பிடித்து, பழைய மடிப்புக்கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அதே இடத்தில் மடியுங்கள். புதுக்கோடு விழுந்தால் சேலை பார்க்கப் பழசாகிவிடும். முந்தியும் விலைச் சீட்டும் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். ஒரு குடும்பம் எழுந்து போனதும் அந்தக் குவியலை உடனே மடித்துவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு மலை மாதிரி கிடக்கும், கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.

5. குழந்தை வராமல் குழந்தைக்குத் துணி

இதுதான் நிஜமான சோதனை. ஏரியூர், பென்னாகரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து, "இம்மாத்திரம் இருப்பான்" என்று இடுப்புப் பக்கம் கையைக் காட்டுவார்கள். வயசை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், சைஸ் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "ஒல்லியாங்கக்கா, பூசின மாதிரியா?" என்று கேளுங்கள், போன தடவை எடுத்த சட்டை பத்துகிறதா என்று கேளுங்கள். சிலர் பழைய சட்டையையே மஞ்சப்பையில் கொண்டு வந்திருப்பார்கள், அது கிடைத்தால் புதுசின் மேல் தோளோடு தோள் வைத்துப் பார்த்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு சைஸ் பெரிசாகக் கொடுங்கள். மாற்றுவதாக இருந்தால் பில்லோடு எப்போது வரலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள், மூணு பஸ் மாறி வந்து திட்டு வாங்க யாருக்கும் ஆசையில்லை.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வேலைக்குப் போனால் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். தெலுங்கில் "ரண்டி", கன்னடத்தில் "பன்னி" (banni), இரண்டுக்கும் வாங்க என்றுதான் அர்த்தம், அப்படிக் கூப்பிடத் தெரிந்தாலே ஆள் உட்கார்ந்துவிடுவார்.

6. பில்லிங்கில் நிறுத்தினால்

ஜிபே செய்துவிட்டேன் என்று அவர் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். கடையில் வைத்திருக்கும் சவுண்ட் பாக்ஸ் சத்தமாகத் தொகையைச் சொல்லணும், இல்லை கடை போனில் வந்திருக்கணும்.

7. கால்

நின்று நின்று முதல் இரண்டு நாள் வலி உயிர் போகும். பழகின செருப்பையே போடுங்கள், புது ஷூ வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், குற்றவுணர்ச்சியெல்லாம் தேவையில்லை.

8. உங்கள் துணி

ஊழியருக்குத் தள்ளுபடி உண்டா என்று சூப்பர்வைசரிடம் கேட்டு, உங்களுக்கும் தம்பி தங்கச்சிக்கும் வேண்டியதைக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே பில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி நாள் ராத்திரி பார்த்தால் 38-ம் 40-ம் தீர்ந்துபோய், யாரும் சீண்டாத கலரில் 46 மட்டும்தான் தொங்கும்.