வேகக் காருக்கு ஏற்ற பிரேக் பேடும் திரவமும்

பந்தயத் தளத்துக்கென்று செய்த பிரேக் பேடு (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை) நன்றாகச் சூடேறிய பிறகே முழுமையாகப் பிடிக்கும் என்பதால், காலையில் வண்டியை எடுத்ததும் வரும் முதல் சிக்னலிலேயே அது ஏமாற்றிவிடக்கூடும்; ஆகவே சாலையில் ஓடும் காருக்கு, குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் பேடையே தேர்ந்தெடுக்க வேண்டும், சக்கரத்தில் கரும்பொடி சற்றுக் கூடுதலாகப் படிந்தாலும் பரவாயில்லை.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் திரவம் வாங்கும்போது, புட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உலர் கொதிநிலையைவிட (புதுத் திரவம் கொதிக்கும் வெப்பம்) ஈரக் கொதிநிலையையே (நீர் கலந்த திரவம் கொதிக்கும் வெப்பம்) நான் முதலில் பார்ப்பேன், ஏனெனில் வழக்கமான கிளைக்கோல் (glycol) வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் டாட் 4 (டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக் குறியீடு) குறைந்தது 155 பாகை செல்சியசும், டாட் 5.1 குறைந்தது 180 பாகையும் தாங்க வேண்டும் என்பது தர விதி. அந்த வெப்பத்தைத் தாண்டித் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் அமுங்கி, பெடல் தரைவரை இறங்கிவிடும். பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5 சிலிக்கோன் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.