கத்திப்பாராவில் வலது பக்கம் போக இடது ஓரம் பிடியுங்கள்

சென்னையில் கோயம்பேட்டிலிருந்து நூறடி ரோடில் கத்திப்பாரா சந்திப்புக்கு வருகிறீர்கள், தாம்பரம் போக வேண்டும். தாம்பரம் வலது பக்கம்தானே என்று ஈக்காட்டுத்தாங்கல் தாண்டியதுமே வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய. அங்கேயே குளறுபடி ஆரம்பம்.

2008-ல் திறந்த கத்திப்பாரா மேம்பாலம் நான்கு இதழ் விரித்த பூ மாதிரி. வலது பக்கம் திரும்பும் வண்டி எதிரே வருபவரை வெட்டக் கூடாது, சிக்னலும் கூடாது. அதற்காகத்தான் அந்த இதழ்கள். குறுக்கே போகும் சாலையைத் தாண்டியபின், இடது பக்கம் பிரியும் வளையத்தில் முக்கால் வட்டம் சுற்றினால் தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. ரோடில் சேர்ந்துவிடலாம். ஆக, இடது ஓரம்தான். அதற்காக முதல் இடதில் நுழைந்துவிடாதீர்கள், அது கிண்டிக்குப் போவது. தாம்பரத்துக்கு இரண்டாவது இடது.

சரி, அதையும் தவறவிட்டாயிற்று. அப்போது ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. வளைவில் வருபவருக்கு உங்கள் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். நேரே போய், முறையாகத் திரும்பும் இடத்தில் திரும்பி வாருங்கள். வரும்போது தாம்பரம் உங்களுக்கு வெறும் இடது திருப்பம், வளையமே வேண்டாம்.

பாலத்தை ஒட்டிய சின்னத் துண்டில் கண் இரண்டு போதாது. ஒரு வளையத்திலிருந்து வருபவர் நேர்ச்சாலையில் ஏறப் பார்ப்பார். அடுத்த வளையத்துக்குப் போகிறவர் அதே இடத்தில் இடது பக்கம் வரப் பார்ப்பார். இண்டிகேட்டரை முன்னாலேயே போட்டு, ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டியதுதான். ஹாரனால் அங்கே இடம் பிறக்காது.

வளையத்துக்குள் போனபின் பிரேக்கை மிதிப்பதும் தவறு. வேகத்தை நுழையும் முன்பே குறைத்துவிட வேண்டும். முக்கியமாக பைக்கில் போகிறவர்கள். ஓரத்தில் மணல் கிடக்கும். மழையின் முதல் பத்து நிமிடம் எண்ணெய் மிதக்கும்.

அப்புறம், மேப்பை நம்பி ‘கத்திப்பாரா’ என்று போட்டு கேப் புக் செய்வது. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை இருந்தாலும் மேப்பில் இரண்டும் ஒரே புள்ளிதான். டிரைவர் மேலே, நீங்கள் கீழே, நடுவில் போன் கால். ஆலந்தூர் மெட்ரோ வாசல் என்று போட்டுவிடுங்கள்.