காபன் காலக்கணிப்புக்கு மாதிரி தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கொட்டியாரக் குடாவின் கண்டல் சேற்றில் குழாய் இறக்கி எடுத்த மண்ணாக இருக்கலாம், நிலாவெளிப் பக்கம் குழி வெட்டும்போது கிடைத்த கரித்துண்டாக இருக்கலாம். கதிரியக்கக் காபன் ஆய்வுக்கு (உயிர் போனபின் சிதைந்து குறையும் காபன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிப்பது) அனுப்பினால், கருவி தன்னிடம் வந்த காபனை மட்டுமே எண்ணும். அந்தக் காபன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் மாதிரியைத் தெரிந்து, கழுவி, பொதி செய்யும் நாம்தான். எனவே பெரும்பாலான பிழைகள் கருவிக்கு வெளியே, நம் கைகளில் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தெரிவிலேயே நடக்கிறது. கரி கண்ணில் பட்டதும் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கத் தோன்றும். ஆனால் பாலை, முதிரை போன்ற மரங்களின் வைரம், மரம் வெட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே காற்றிலிருந்து காபன் எடுப்பதை நிறுத்தியிருக்கும். அடுப்பு எரிந்த காலத்தை நாம் தேடுகிறோம். கிடைப்பதோ அந்த மரவளையம் உருவான காலம். இடைவெளி நூறு, இருநூறு ஆண்டுகள்கூட ஆகலாம். கருகிய நெல்மணி, சிரட்டைத் துண்டு, பனங்கொட்டை, மெல்லிய சுள்ளி ஆகியவை ஓரிரு ஆண்டுகளில் வளர்ந்து முடிந்தவை. சிறியதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். காபன்-14 அணுக்களை நேரே எண்ணும் கருவியான முடுக்கித் திணிவு நிறமாலைமானிக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் காபன் போதும். கழுவும்போது நிறையக் கரைந்து போகும் என்பதால் சில பத்து மில்லிகிராம் கரி இருந்தால் நிம்மதி.

சிப்பிக் கோதில் வேறொரு சிக்கல். கடல்நீரில் பழைய காபன் கலந்திருப்பதால், சிப்பி தன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். அந்தந்தக் கடலுக்குரிய திருத்தம் இல்லாமல் அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. பழைய ஆழிப்பேரலைப் படிவுகளைத் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் பார்த்தோமே, அலை அடிமண்ணையே கிளறிக்கொண்டு வந்து கொட்டும். மணல் அடுக்குக்குள் இருக்கும் கோதும் மரத்துண்டும் அலைக்கு வெகுமுன்பே செத்தவையாக இருக்கலாம். அந்த அடுக்குக்குச் சற்றுக் கீழும் சற்று மேலும் உள்ள இலை, விதை போன்றவற்றை அளந்தால் அலையின் காலத்தை இரண்டுக்கும் நடுவில் பிடிக்கலாம்.

கண்டல் சேற்றில் எதிர்த்திசைப் பிழை வரும். இன்றைய மரத்தின் வேர் பழைய அடுக்குக்குள் ஆழமாக இறங்கி, அங்கேயே அழுகிக் கறுத்துப்போகும். மொத்த மண்ணையும் அப்படியே அனுப்பினால் வயது இளமையாக வரும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, மெல்லிய வேர்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிடப் பயன்தரும் வேலை இந்த ஆய்வில் குறைவு. மாதிரி பழையதாக ஆக ஆக இளம் காபனின் பாதிப்புக் கூடும். 1 சதவீத இன்றைய காபன் 5,000 ஆண்டு மாதிரியை 70 ஆண்டளவுதான் இளமையாக்கும்; 20,000 ஆண்டு மாதிரியை 800 ஆண்டுக்கு மேல் இழுத்துவிடும். காபன்-14 அறவே இல்லாத பொருளும் அந்த 1 சதவீதம் கலந்தால் 37,000 ஆண்டு என்று காட்டும்.

மண்ணெண்ணெய், பிளாஸ்ரிக், பசை போன்ற பெற்றோலிய வழிப் பொருள்கள் இதற்கு மறுதலை. அவற்றில் காபன்-14 இல்லை. 10 சதவீதம் கலந்தாலே 850 ஆண்டளவு கூடிவிடும். ஆகவே உடைந்த எலும்பைப் பசை போட்டு ஒட்டிய பிறகு அனுப்பாதீர்கள். பஞ்சில் சுற்றுவதும், கடதாசிச் சீட்டை மாதிரியோடு உள்ளே போடுவதும், குழிக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிப்பதும் வேண்டாம். அலுமினியத் தாள் அல்லது சுத்தமான கண்ணாடிக் குப்பி போதும். சீட்டு வெளியே இருக்கட்டும். வடகீழ்ப் பருவமழையில் ஈர மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டி மேசையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் பாசி வளர்ந்து இன்றைய காபனைச் சேர்க்கும். குளிரூட்டியில் இருட்டில் வையுங்கள், அல்லது உடனே மிதமான சூட்டில் உலர்த்துங்கள்.

அடுத்தது கழுவல். கரிக்கும் மரத்துக்கும் வழக்கமான முறை அமிலம், காரம், மறுபடி அமிலம். முதல் அமிலம் சுண்ணாம்பை அகற்றும். காரம் மண்ணிலிருந்து ஊறி வந்த ஹியூமிக் அமிலங்களைக் கரைக்கும். கரைசல் தேநீர் நிறத்தில் வரும், நிறம் தெளியும்வரை மாற்ற வேண்டும். கடைசி அமிலத்தைச் சிலர் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது மாதிரியில் தங்கினால் இன்றைய காபனை நாமே சேர்த்ததாகிவிடும். அதனால் கடைசி அமிலத்தைத் தவிர்க்கவே கூடாது. அதேசமயம் மென்மையான கரியைக் கடும் காரத்தில் போட்டால் மாதிரியே கரைந்து காணாமல் போகும், எனவே நீர்த்த காரத்தில் தொடங்குங்கள். எலும்பென்றால், அளக்க வேண்டிய அதன் புரதமான கொலாஜன் வெப்ப நாட்டில் சீக்கிரம் சிதைந்துவிடும். பிரித்தெடுத்ததில் காபன்–நைதரசன் அணு விகிதம் 2.9 முதல் 3.6 வரை இல்லாவிட்டால் அந்த வயதை நம்பாதீர்கள்.

வயதுக்காக அல்லாமல், காபன் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அறிய காபன்-13, காபன்-12 ஆகியவற்றின் விகிதத்தைப் பார்க்கும் காபன் சமதானி அளவீட்டில் மிச்சச் சுண்ணாம்புதான் பெரும் தொல்லை. கண்டல் இலையின் காபன்-13 மதிப்பு (அந்த விகிதம் ஒரு நியமப் பொருளிலிருந்து விலகும் அளவு) ஆயிரத்துக்கு −28 அளவில் இருக்கும், கடற்சிப்பி 0 அளவில். சேற்றுக் காபனில் பத்திலொரு பங்கு சிப்பித்தூளாக இருந்தால் −25 என்று வரும். கடலிலிருந்து வந்த சேதனப் பொருள் கூடியிருக்கிறது என்று ஒரு முழுக் கதையையே தவறாக எழுதிவிடுவோம். அமிலம் ஊற்றிக் கழுவினால் சேதனப் பொருளில் ஒரு பகுதி கழுவு நீரோடு போகும். மூடிய கலத்தில் அமில ஆவி காட்டுவது நல்லது, ஆனால் வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து. வெள்ளீயக் கிண்ணத்தை ஆவி அரித்துவிடும். நைதரசனையும் அளப்பதானால் அமிலம் படாத பங்கொன்றைத் தனியே ஒதுக்குங்கள்.

அறிக்கை வந்த பிறகும் ஒரு தவறுக்கு இடமுண்டு. முடுக்கி தரும் காபன்-13 மதிப்பு வயதைத் திருத்துவதற்காக அளந்தது. அதில் கருவிக்குள் நேரும் சமதானிப் பிரிப்பும் கலந்திருக்கும். நெல்லுக்கும் குறக்கனுக்கும் காபன்-13 மதிப்பு வேறுதான், ஆனாலும் அதை வைத்து, அந்தக் காலத்து மக்கள் நெல் சாப்பிட்டார்களா குறக்கன் சாப்பிட்டார்களா என்று முடிவு சொல்லக் கூடாது. அந்தக் கேள்வி இருந்தால், சுத்தப்படுத்திய அதே பங்கிலிருந்து சமதானி விகித நிறமாலைமானியில் தனி அளவீடு வேண்டும் என்று அனுப்பும்போதே படிவத்தில் எழுதிவிடுங்கள்.