கதிரியக்கச் சிகிச்சையும் பற்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ்டவுனில் எங்கள் பல் கிளினிக்கிற்கு வந்த ஓர் அம்மையார், கைப்பையிலிருந்து 'ஆசாம் போய்' எனப்படும், உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம் பழப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "வாய் ரொம்பக் காய்ஞ்சு போகுது டாக்டர், இதைப் போட்டுக்கிட்டாதான் கொஞ்சம் எச்சில் ஊறுது" என்றார். நாக்குப் புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சை முடிந்து பத்து மாதங்களே ஆகியிருந்தன. கீழ் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்பு வளையம் போட்டாற்போல் சொத்தை சுற்றியிருந்தது. எச்சில் எந்நேரமும் நனைத்துக்கொண்டிருப்பதால், சாதாரணமாகச் சொத்தை எளிதில் அண்டாத பற்கள் அவை. அவையே அரிக்கத் தொடங்கினால், எச்சில் சுரப்பிகள் பெரிதும் சேதமடைந்துவிட்டன என்று பொருள்.

பினாங்கில் குமட்டலுக்கும் வாய்க்கசப்புக்கும் எல்லாரும் அன்போடு வாங்கித் தருவது ஆசாம் போய்தான். எச்சில் குறைந்த வாயில் அந்தப் புளிப்பைக் கழுவி விட எதுவும் இல்லாததால், அது பல்லிலேயே தங்கி எனாமலைக் கரைக்கிறது. அடிக்கடி தண்ணீரை ஒரு மிடறு பருகுவதும் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுவதும் பாதுகாப்பானவை. மதுசாரம் கலந்த வாய்கழுவியையும் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரைப் பார்க்காமல் விடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. காப்பாற்ற முடியாத பல்லைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது, முடிந்தால் மூன்று வாரங்களுக்கு முன், பிடுங்கிவிட்டால் புண் ஆற நேரம் கிடைக்கும். ஆறேழு வாரங்களில் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வரை வாங்கிய தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குன்றிவிடுவதால், பின்னர் அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே மடிந்துபோகலாம். கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆண்டுகள் பல கடந்தாலும் அது நீங்குவதில்லை. ஆகவே இயன்றவரை வேர்ச்சிகிச்சை செய்து வேரை எலும்பிலேயே விட்டு வைக்கிறோம்.

பல் அடைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண்ணாடி அயனோமர் சிமெண்ட் ஃபுளோரைடு வெளியிட்டு ஓரங்களில் புதுச் சொத்தை வராமல் தடுக்கும். ஆனால் வறண்ட வாயில், சொத்தையைத் தடுக்கத் தினமும் பூசச் சொல்லும் ஃபுளோரைடு ஜெல்லைத் தவறாமல் பூசுபவரிடம், அந்த சிமெண்டே தேய்ந்து கரைகிறது. ரெசின் (பல் நிறப் பிளாஸ்டிக் போன்ற பொருள்) அடைப்பு தேயாமல் நிற்கும். ஜெல் பூசாதவரிடமோ அதன் ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடிக்கும். எனவே எதை வைத்து அடைப்பது என்பதை முடிவு செய்யுமுன், "தினமும் பூசுவீர்களா?" என்று மனந்திறந்து கேட்பதே சரி. நோயாளியும் மருத்துவருக்காகப் பொய் சொல்லக் கூடாது. ஜெல் நடுநிலை வகையாக இருக்கட்டும். அமில வகை இந்த சிமெண்டைக் கரைப்பதோடு பீங்கான் கிரவுனின் பளபளப்பையும் கெடுக்கும்.

உலோக அடைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் அகற்றியாக வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. உலோகத்தில் பட்டுச் சிதறும் கதிர், அதை ஒட்டிய கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்கும் என்பது உண்மைதான்; இடையே சில மில்லிமீட்டர் தடுப்பு வைத்தால் பெரும்பாலும் போதும். இதைச் சிகிச்சைக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பிறகு எந்தப் பல் கிளினிக்கிற்குப் போனாலும், தாடையின் எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே கிடைத்தது என்று எழுதிய சிகிச்சை அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் பல்லைப் பிடுங்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.