அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்: குமிழைத் திருகிச் சரிசெய்ய முடியாத தவறுகள்

காயிலோவர், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி வரும் ஸ்பிரிங்-ஷாக்கப்சர் செட், வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை கிளிக்?" ஷாக்கப்சரின் இறுக்கத்தை மாற்றும் குமிழ் எத்தனை படிகளில் திரும்பும் என்பதுதான் அது. விற்பவர்களும் 24, 30, 32 என்று அதையே முன்னால் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்கு ஒரு செட்டிங், திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒரு செட்டிங் என்று நினைத்துத்தான் நாமும் பணம் கட்டுகிறோம். ஆனால் வண்டி எப்படி ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, பிறகு திருக முடியாத இரண்டு விஷயங்கள். ஒன்று ஸ்பிரிங்கின் கடினம். இன்னொன்று, சக்கரம் மேலும் கீழும் போக மிச்சமிருக்கும் இடம். முதலாவது வாங்குகிற அன்றே முடிவாகிவிடும், இரண்டாவது மாட்டுகிற அன்று. அப்புறம் எந்தக் குமிழைத் திருகினாலும் அந்த எல்லைக்குள்தான்.

நம் ஊரில் அதிகம் மாட்டுவது ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி ஹேட்ச்பேக்குகளில். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் ஒரே தூணாக நிற்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). அதை வைத்தே பேசுவோம்.

ஸ்பிரிங்கை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளப்பார்கள். 4 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4 கிலோ எடை வேண்டும். முன் சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் தாங்கும் எடை 280 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 கிலோ ஸ்பிரிங் என்றால் வண்டியின் மூக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1.5 தடவை ஆட நினைக்கும். 4 கிலோவில் அது 1.9. 6 கிலோவில் 2.3. சாதாரண சாலைக் கார்களை 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் (விநாடிக்கு அத்தனை ஆட்டம்) வைப்பதுதான் வழக்கம். 2-ஐத் தாண்டினால் அது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஏற்ற வண்டி, வேளச்சேரிக்கு அல்ல. இந்த அளவு வண்டிகளுக்கு வரும் செட்களில் 5, 6 கிலோ ஸ்பிரிங் சர்வசாதாரணமாக இருக்கிறது, ஏனென்றால் அவை நல்ல ரோடுள்ள ஊரில், வாரக் கடைசியில் டிராக்குக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்தவை. "சாஃப்ட் செட்டிங்கில் வச்சா சரியாயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். குமிழ் ஷாக்கப்சரைத் தளர்த்தும், ஸ்பிரிங்கை ஒன்றும் செய்யாது. கடினமான ஸ்பிரிங்கும் தளர்ந்த ஷாக்கப்சரும் சேர்ந்தால் கிடைப்பது சொகுசு இல்லை. வண்டி துள்ளும், ஒரு குழிக்குப் பிறகு அடங்காது.

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு ஓட்டும் ஹேட்ச்பேக்குக்கு முன்பக்கம் 4 கிலோ என்பதே மேல் வரம்பு. வாங்கும் முன் விற்பவரிடம் முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் இரண்டின் எண்ணையும் கேளுங்கள். எண் தெரியாது என்பவரிடம் வாங்க வேண்டாம். வேறு எண் ஸ்பிரிங் போட்டுத் தருவீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகள் ஆர்டரின்போது மாற்றித் தரும்.

பின்பக்கத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடும்படி அமைத்தால், ஒரு மேட்டைத் தாண்டிய பிறகு இரண்டும் ஒத்துப்போய் வண்டி சமமாக அடங்கும். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது நிலைநாட்டிய விஷயம் இது. இன்றும் கார் கம்பெனிகள் இதை வைத்துத்தான் ஆரம்பிக்கின்றன. முன்னால் மட்டும் கல் மாதிரி ஸ்பிரிங்கைப் போட்டு, பின்னால் பழையதையே விட்டால் இந்தக் கணக்கு உடையும். வண்டி தலையாட்டிக்கொண்டே போகும். ஹேட்ச்பேக்கில் ஏற்றுகிற ஆளும் லக்கேஜும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று பேர் பின்னால், டிக்கியில் நான்கு பை என்று ஓட்டிப் பார்க்காமல் பின்பக்க உயரத்தை முடிவு செய்யக் கூடாது.

சரி, குமிழ் என்னதான் செய்கிறது? ஒரே குமிழ் உள்ள ஷாக்கப்சர்களில் பெரும்பாலும் அது ரீபவுண்டைத்தான் மாற்றும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரிகிற வேகம் அது. கூடவே அமுங்குவதையும் கொஞ்சம் இறுக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது வேறுபடும். பில்ஸ்டீன் கம்பெனியின் பி16-ல் ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்து 10 படிகளில் மாற்றும். கேடபிள்யூ கம்பெனியில் வேரியன்ட் 1-க்கு உயரம் மட்டும், 2-க்கு ரீபவுண்ட், 3-க்கு இரண்டும் தனித்தனி. எல்லாமே அட்ஜஸ்டபிள்தான். நீங்கள் வாங்குவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகத் திருகும் பொறுமை இல்லாதவர் 3-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். நன்றாக வால்வு அமைத்த வேரியன்ட் 1 எவ்வளவோ மேல்.

ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் செட்டிங் கோளாறு. பார்க்கிங்கில் பானெட்டை அமுக்கினால் அசையாது, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வரிசையாகப் பள்ளங்கள் உள்ள சாலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் மேட்டில் ஸ்பிரிங் அமுங்குகிறது. முழுவதும் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. நான்காவது, ஐந்தாவது மேட்டுக்குள் வண்டி தாழ்ந்து, கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொன்றும் இடுப்பில் இடிக்கும். "ஸ்பிரிங் ரொம்ப ஹார்ட்" என்று நினைத்து அவர் ஸ்பிரிங்கை மாற்றுவார். குமிழை ஐந்தாறு கிளிக் தளர்த்தினால் போதும்.

செட்டிங் பார்க்க, முழுத் தளர்வில் ஆரம்பியுங்கள். நீங்கள் தினமும் போகும் ஒரே சாலை, ஒரே வேகம், டயரில் அதே காற்று. இரண்டு இரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். மேட்டைத் தாண்டிய பிறகு வண்டி ஒரு தடவை மட்டும் எழுந்து அடங்கினால் அங்கே நிறுத்துங்கள். பல கம்பெனிகள் கிளிக்கை முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்கின்றன, கையேட்டைப் பாருங்கள். கடைசிப் படியில் பலவந்தமாகத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு கெட்டுவிடும்.

உயரத்துக்கு வருவோம். தாழ்த்தினால் வண்டி வளைவில் சாயாது என்பது பொதுவான நம்பிக்கை. மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் இது பாதி உண்மைகூட இல்லை. சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், சக்கரப் பக்கம் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும்படிதான் வண்டி வருகிறது. 40, 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஆர்ம் மட்டத்தைத் தாண்டிச் சக்கரப் பக்கம் மேல்நோக்கிப் போய்விடும். வண்டியின் எடை மையம் 40 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஆனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும், அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீளும். சாய்வதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும், அதனால் சொகுசு இன்னும் போகும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, குழியில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாக இழுக்கும். 15 முதல் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது என்பது போட்டோவுக்கான ஆசை.

வேகத்தடை வேறு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி இறங்க வேண்டும். ஊருக்குள் நாம் பார்ப்பது அதுவா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

உயரம் மாற்றும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஸ்பிரிங் உட்காரும் தட்டை இறக்கும் வகையில், தாழ்த்தத் தாழ்த்த ஷாக்கப்சர் அமுங்க இருக்கும் இடம் குறையும். ஷாக்கப்சரின் அடி மவுண்டை, அதாவது கீழ் இணைப்பை, திருகும் வகையில் அந்த இடம் அப்படியே இருக்கும், ஆனால் டயர் போய் ஃபெண்டரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் சாலைக்கு இரண்டாவதே நல்லது. இன்னொன்று: தட்டை மேலேற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தினால் அது ஹார்டாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். ஆகாது. வண்டி உயரும், சக்கரம் குழிக்குள் இறங்க இருந்த இடம் குறையும், அவ்வளவுதான்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் மோசமானது புஷ், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை, சம்பந்தப்பட்டது. லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிடுவார்கள். ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சவாரி இறுக்கமாகும், உயரம் தவறாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையளவு முறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் கடைசி இறுக்கு. மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். உயரத்தை அளப்பதும் இதற்குப் பிறகுதான், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை. அப்புறம் அலைன்மென்ட், ஹெட்லைட் ஏற்ற இறக்கம்.

இதெல்லாம் வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஸ்ட்ரட் மவுண்ட் தட்டும், புஷ் வெடித்திருக்கும், ஷாக்கப்சரில் எண்ணெய் கசியும். அதோடு ஒப்பிட்டால் எந்தக் காயிலோவரும் அற்புதமாகத்தான் தெரியும். புது ஒரிஜினல் ஷாக்கப்சர், மவுண்ட், புஷ், நல்ல டயர் என்று மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அதிலேயே அடங்கிவிடும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் காயிலோவர் உடலில் உள்ள மரையைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் மரை பூத்துவிட்டால் ஒரு மழைக்காலம் போனதும் திருகும் சி ஸ்பேனர் வளையுமே தவிர, உயரம் மாற்றும் வளையமான காலர் நகராது. துருப்பிடிக்காத உடல் உள்ளது கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் மரையைக் கழுவி, கிரீஸ் தடவி வையுங்கள். சீல் போனால் எங்கே ரீபில்ட் செய்வார்கள் என்றும் வாங்கும்போதே கேளுங்கள். அனுப்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி ஓட, கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கப்சரையும் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் தடவி, முன்-பின், இடம்-வலம் எழுதி, ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.