தாத்தாவின் தந்திச் சாவியும் வால்வு ரேடியோவும் உங்கள் கைக்கு வந்தால்

எதற்கும் முன்னால் ஒன்று: பிளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். "ஓடுதான்னு ஒரு நிமிஷம் பாத்துடலாமே" என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பல வருஷம் சும்மா கிடந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) ரேடியோவில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கும். திடீரென்று மின்சாரம் பாய்ந்தால் அவை வெடிக்கலாம், கூடவே பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். கெபாசிட்டருக்கு மாற்று எளிதில் கிடைக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் அலைய வேண்டும்.

நான் காகிதங்களில் இருந்துதான் தொடங்கினேன். லாக் புத்தகம் (யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவு), க்யூஎஸ்எல் அட்டைகள் (அந்தத் தொடர்பை உறுதிசெய்து வரும் அட்டைகள்), சர்க்யூட் படங்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பரோடு போடாமல் எடுத்து வையுங்கள். ஹாம்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்பிப் பேசுபவர்கள், கம்பெனி கொடுத்தபடியே எதையும் விட்டுவைப்பவர்கள் அல்ல. என் தாத்தா ஒரு படத்தில் ரெசிஸ்டரின் மதிப்பைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறு எண் எழுதியிருந்தார். அந்தத் தாள் இல்லையென்றால், பழுது பார்ப்பவர் அதைத் தவறான பாகம் என்று பிடுங்கிப் போட்டிருப்பார். எந்த வயரையும் கழற்றுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

டிரான்ஸ்மிட்டரின் மூடியை, வால்வு வேலை தெரிந்தவர் கூட இல்லாமல் திறக்க வேண்டாம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சில பழைய ரிசீவர்களில் இரும்புச் சேஸியே (உள்சட்டம்) மெயின்ஸோடு, அதாவது வீட்டு மின்சாரத்தோடு, நேராக இணைந்திருக்கும், அதுவும் ஆளைக் கொல்லும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பெயின்ட் பூசிய ராணுவ மீட்டர் இருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள், பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். ரேடியம் இருக்கலாம்.

கெபாசிட்டர்களை மாற்றி, வோல்டேஜ் செலக்டர் உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு, ஒரு பழைய இழை பல்பை மெயின்ஸோடு தொடராக இணைத்து ஓட விடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

இத்தனை பயமுறுத்தல், புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறிகளைத் தட்டி அனுப்பும் தந்திச் சாவிக்குத் தேவையில்லை, அது தனியாக இருக்கும்வரை. பழைய டிரான்ஸ்மிட்டர்கள் சிலவற்றில் சாவியின் உலோகப் பகுதியிலேயே ஆபத்தான வோல்ட் வந்து நிற்கும். அதனால் முதலில் சாவியை டிரான்ஸ்மிட்டரோடு இணைக்கும் வயரைக் கழற்றிவிடுங்கள். தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. முனைகளுக்கு நடுவே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, லேசாக அழுத்தி உருவினாலே அழுக்கு வந்துவிடும். பித்தளையைப் பளபளவென்று ஆக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். எனக்கு அந்தக் கருப்பேறிய நிறம்தான் பிடித்திருக்கிறது, சேகரிப்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

சவுண்டர் (வரும் தந்தியை டக்டக்கென்று தட்டிக் கேட்கவைக்கும் கருவி) இருந்தால் அதன் கம்பிச் சுருளை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். நாலைந்து ஓம் காட்டினால் பெரும்பாலும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியே போதும், தட்டத் தொடங்கிவிடும். நூறு ஓமைத் தாண்டினால் கூடுதல் வோல்ட் வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முனையில்தான் அறுந்திருக்கும், பற்றவைக்கலாம்.

ஹாம் அலைவரிசைகளைக் கேட்க பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டாம். அனுப்புவதற்கு உங்கள் பெயரில் உரிமம் வேண்டும். தாத்தாவின் அழைப்புக்குறி (உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எழுத்துகள்) பெட்டியோடு சேர்ந்து வராது. 2003-க்குப் பிறகு பல நாடுகள் தேர்வில் மோர்ஸைக் கட்டாயமாக வைப்பதில்லை. ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மோர்ஸ் கற்காமல் இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பயிற்சி பஸ்ஸரும் பேட்டரியும் வாங்கிச் சாவியோடு இணைத்தால் இன்று ராத்திரியே தொடங்கலாம்.